முதல் நாள் அருகில் யார் இருந்தார்கள்? ஃப்ளோர் கன்டெம்ப்ளாசியோன் வழக்கும் பிலிப்பைன்ஸின் வெளிநாட்டு வேலையும்

1995 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. விடியும் நேரத்தில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில், இரட்டைக் கொலை வழக்கில் ஃப்ளோர் கன்டெம்ப்ளாசியோன் தூக்கிலிடப்பட்டார். வயது 42. பிலிப்பைன்ஸின் லகுனா மாகாணத்தில் உள்ள சான் பாப்லோ அவருடைய ஊர். ஏழு ஏரிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னையும் உள்ள ஊர் அது. நான்கு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வீட்டு வேலைக்காக சிங்கப்பூர் போனவர். தண்டனையைத் தள்ளிவைக்கும்படி அதிபர் ஃபிடல் ராமோஸ் கேட்டுக்கொண்டார். சிங்கப்பூர் இசையவில்லை.

சவப்பெட்டி மணிலாவில் வந்திறங்கியபோது அதிபரின் மனைவியே விமான நிலையத்துக்கு வந்து நின்றார். ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் உடலுக்கு அப்படியொரு மரியாதை அந்த நாட்டில் அதற்கு முன் கிடைத்ததில்லை. தெருக்களில் கூட்டம் கூடியது. தேவாலயங்களில் மெழுகுவத்திகள் எரிந்தன. தெற்கே தாவோ நகரில், அப்போது மேயராக இருந்த ரோட்ரிகோ டுடெர்ட்டே சிங்கப்பூர்க் கொடியை எரிக்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். மே மாதம் தேர்தல் வேறு இருந்தது. வெளியுறவு அமைச்சர் ரொபெர்த்தோ ரோமுலோவும் தொழிலாளர் துறை அமைச்சர் நியெவெஸ் கொன்ஃபெசோரும் பதவி விலகினார்கள். இரு நாட்டுத் தூதர்களும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை பிலிப்பைன்ஸ் தற்காலிகமாக நிறுத்தியது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்: அவர் கொலை செய்தாரா, இல்லையா? அந்தக் கேள்வி முக்கியம்தான். ஆனால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தேசத்துக்கு அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று இருந்தது. அவர் கைதான முதல் நாளில், முதல் வாரத்தில், அவருடைய மொழி பேசும் ஒருவர், சட்டம் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தாரா? அந்தப் பக்கத்திலிருந்துதான் இந்த வழக்கைப் பார்க்க விரும்புகிறேன்.

வழக்கு

1991 மே 4ஆம் தேதி சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் டெலியா மாகா என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். அவர் பார்த்துக்கொண்ட சிறுவன் நீரில் மூழ்கி இறந்திருந்தான். மாகாவின் தோழியான ஃப்ளோரைப் போலீசார் கைது செய்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தார். மனநிலை பாதிப்பால் அவருடைய பொறுப்பு குறைகிறது என்று எதிர்த்தரப்பு வாதாடியது, எடுபடவில்லை. 1993 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தோற்றது.

தூக்குக்கு நாள் நெருங்கிய சமயத்தில்தான் புதிதாக ஒரு சாட்சியம் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த இன்னொரு பணிப்பெண் வேறொரு கதை சொன்னார்: சிறுவனுக்கு வலிப்பு நோய் உண்டு, குளியல் தொட்டியில் வலிப்பு வந்து மூழ்கினான், ஆத்திரத்தில் அவனுடைய தந்தைதான் மாகாவைக் கொன்றார் என்று கேள்விப்பட்டதாக. சிங்கப்பூர் அதிகாரிகள் இதை விசாரித்து, ஏற்க முடியாது என்று தள்ளினார்கள். அதற்குப் பிறகு நடந்தவைதான் மேலே சொன்னவை.

மணிலாவில் மாகாவின் உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். அவர் கடுமையாக அடிக்கப்பட்டிருக்கிறார், ஒரு பெண்ணால் அப்படி அடிக்க முடியாது என்று பிலிப்பைன்ஸ் புலனாய்வுத் துறை மருத்துவர்கள் சொன்னார்கள். சிங்கப்பூர் மறுத்தது. கடைசியில் இரு நாடுகளும் மூன்றாம் தரப்பிடம் விடச் சம்மதித்தன. அமெரிக்க நிபுணர்கள் 1995 ஜூலையில் சிங்கப்பூரின் முடிவையே உறுதி செய்தார்கள். அநீதி நடந்தது தெரிந்தால் உறவையே முறித்துக்கொள்வேன் என்று எச்சரித்திருந்த ராமோஸ் அந்த முடிவை ஏற்றுக்கொண்டார்.

சட்டப்படி பார்த்தால் வழக்கு அங்கே முடிந்துவிட்டது. மக்கள் மனதில் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அதற்குக் காரணம் மக்களின் பிடிவாதம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கைதுக்கும் தூக்குக்கும் இடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்தக் காலத்தில் தூதரகம் என்ன செய்தது என்று கேட்டபோது நிறைவான பதில் வரவில்லை. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எமிலியோ கன்காய்கோ தலைமையில் ராமோஸ் அமைத்த ஆணையமும் இதைத்தான் துருவியது. கடைசி வாரத்தில் அதிபரே கடிதம் எழுதுகிறார். முதல் வாரத்தில் ஒரு கடைநிலை அதிகாரியாவது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றவாளி என்றே முடிவாகியிருக்கலாம். ஆனால் எல்லாம் சரியாகக் கேட்கப்பட்டது என்ற மன அமைதியாவது அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. இறந்தவர்கள் மூன்று பேர். டெலியா மாகாவும் அதே நாட்டிலிருந்து, அதே வேலைக்கு, அதே காரணத்துக்காக வந்தவர். ஊர்வலங்களில் அவர் பெயர் மெல்லத்தான் ஒலித்தது. அந்தச் சிறுவனுக்காக யாரும் மெழுகுவத்தி ஏற்றியதாகத் தெரியவில்லை.

நாடே ஏஜென்டாக ஆனது

ஃப்ளோர் போன பாதை அவர் போட்ட பாதை இல்லை. 1906 டிசம்பரில் 15 ஆண்கள் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் போய் இறங்கினார்கள். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் கையில் இருந்தது. சக்காடா என்று அழைக்கப்பட்ட அந்தத் தோட்டத் தொழிலாளிகளின் பின்னால் பல்லாயிரம் பேர் போனார்கள். சிலோன், மலேயா தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் போன நம் முன்னோர்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

ஆனால் 1974இல் நடந்தது வேறு. அந்த ஆண்டு மே 1 அன்று ஃபெர்டினாண்ட் மார்கோஸ் புதிய தொழிலாளர் சட்டத்தில் கையெழுத்திட்டார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதை அரசே ஒழுங்குபடுத்தி, அரசே நடத்தும் ஏற்பாடு அதில் இருந்தது. அதை வடிவமைத்தவர் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்த ப்ளாஸ் ஓப்லே. எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டுமானம் பெருகிய நேரம் அது. உள்ளூரில் வேலையில்லை, அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு, அங்கே ஆள் வேண்டும். கொத்தனார், வெல்டர், டிரைவர் என்று ஆண்கள் சவுதிக்கு விமானம் ஏறினார்கள். தற்காலிக ஏற்பாடு என்றுதான் அப்போது சொன்னார்கள். ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டது.

அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் வாங்கிய ஜீப்னி என்ற பயணிகள் வண்டிகளின் முகப்பில் வண்ண எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: ‘காத்தாஸ் நங் சவுதி’. சவுதியில் பிழிந்தெடுத்த சாறு என்று பொருள். புது வீட்டின் நெற்றியிலும் இதை எழுதி வைப்பார்கள். கரும்பைப் பிழிகிற அந்தச் சொல்லை யார் முதலில் வண்டியில் எழுதினாரோ, அவர் தன் முதுகெலும்பின் வலியை அறிந்தவர்.

அந்தச் சாற்றில் அரசு தன் பங்கை நேரடியாகக் கேட்ட காலமும் உண்டு. 1982இல் மார்கோஸ் போட்ட 857ஆம் எண் ஆணைப்படி, வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்தில் பாதி முதல் எண்பது சதவீதம் வரை வங்கி வழியாகத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய ரசீது இல்லாவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாது. ஹாங்காங்கில் வேலை செய்த பணிப்பெண்கள் இதை எதிர்த்து ஒன்றுசேர்ந்தார்கள். 1985இல் அரசு தண்டனைப் பிரிவுகளைக் கைவிட்டது. வீட்டு வேலை செய்கிற பெண்களால் ஓர் அரசின் ஆணையை முறிக்க முடிந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

எண்பதுகளில் எண்ணெய் விலை இறங்கிக் கட்டுமானம் தளர்ந்தது. அதே நேரத்தில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நடுத்தரக் குடும்பப் பெண்கள் அலுவலகம் போகத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளையை யார் பார்ப்பது, வயதான மாமியாரை யார் பார்ப்பது? அந்த இடைவெளியை நிரப்பப் பிலிப்பைன்ஸ் பெண்கள் போனார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வரும். பலர் கல்லூரி வாசல் மிதித்தவர்கள், ஆசிரியைகளாக இருந்தவர்களும் உண்டு. சம்பளம் ஊரில் ஆசிரியை வாங்குவதைவிட அதிகம். தங்கள் பிள்ளையைப் பார்க்க ஊரில் பாட்டியோ, அக்காவோ, கூலிக்கு ஓர் ஏழைப் பெண்ணோ இருப்பார்கள். 1988இல் ஹாங்காங் போன அதிபர் கோரி அக்கினோ அங்கிருந்த பணிப்பெண்களை ‘பாகோங் பாயானி’, புதிய வீரர்கள் என்று அழைத்தார். ஃப்ளோர் சிங்கப்பூர் போனதும் அந்தக் காலத்தில்தான்.

கப்பலில் வேலை செய்கிறவர்கள் நிலைமை வேறு. உலகக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மிகப் பெரிய கூட்டம். அவர்களுக்கு நிலையான ஒப்பந்தப் படிவம் உண்டு, சர்வதேச சங்கம் உண்டு, பக்கத்து அறையில் ஊர்க்காரன் உண்டு. மருத்துவமனை நர்ஸுக்கு சீருடையும் பணிநேரமும் சாட்சிகளும் உண்டு. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் முதலாளியின் வீடுதான். அங்கே அவள் ஒருத்தி மட்டும்.

சட்டம் வந்தது

ஃப்ளோர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1995 ஜூன் 7 அன்று குடியரசுச் சட்டம் 8042இல் ராமோஸ் கையெழுத்திட்டார். புலம்பெயர் தொழிலாளர் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஜூன் 7 இன்றும் அங்கே புலம்பெயர் தொழிலாளர் நாள்.

சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. பொருளாதார வளர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கவும் தேச வளர்ச்சியை எட்டவும் ஒரு வழியாக வெளிநாட்டு வேலையை அரசு ஊக்குவிக்காது என்று அது சொல்கிறது. துக்கத்திலும் அவமானத்திலும் எழுதப்பட்ட வரி என்று எனக்குத் தோன்றும். நடைமுறை அந்த வரியோடு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. 2024இல் வெளிநாட்டிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு வந்த தனிநபர் பணம் 3,800 கோடி டாலருக்கு மேல், நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் எட்டு சதவீதம். 2023 கணக்கெடுப்பில் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் 21 லட்சத்துக்கும் மேல், பாதிக்கு மேல் பெண்கள். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸுக்காகப் பணம் கூடுதலாக வரும், நாட்டு நாணயமான பெசோவின் மதிப்பும் கடைத்தெருவும் அதைப் பொறுத்து அசையும். இப்படி ஒரு வருமானத்தை எந்த நிதி அமைச்சரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

ஆனாலும் அந்தச் சட்டத்தை வெறும் கண்துடைப்பு என்று தள்ள எனக்கு மனமில்லை. அதில் நல்ல எலும்புகள் இருந்தன. வெளிநாட்டில் வழக்கில் சிக்கியவர்களுக்கு வழக்கறிஞர் வைக்க 10 கோடி பெசோவில் சட்ட உதவி நிதி வந்தது. அதைக் கவனிக்க வெளியுறவுத் துறையில் தனியாக ஓர் உயர் அதிகாரி வந்தார். தொழிலாளர் அதிகம் உள்ள நாடுகளில், இரவும் பகலும் திறந்திருக்கும் உதவி மையம் இருக்க வேண்டும் என்றானது. போலி ஏஜென்டுகளுக்குத் தண்டனை கடுமையானது.

எல்லாவற்றையும்விட, பத்தாம் பிரிவில் ஒரு நல்ல யோசனை இருந்தது. சவுதி முதலாளி சம்பளம் தராமல் ஏமாற்றினால், அந்தப் பெண் சவுதி நீதிமன்றத்தில் அரபியில் வழக்காட வேண்டியதில்லை. அவளை அனுப்பிய மணிலா ஏஜென்சியும் அந்த முதலாளியும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஊருக்கு வந்து ஏஜென்சி மீது வழக்குப் போடலாம். ஏஜென்சி அரசிடம் வைப்புத்தொகை கட்டியிருக்கிறது, ஓடிவிட முடியாது. கூலி பாக்கிக்காக வெளிநாட்டு முதலாளியைத் தேடி அலையும் நம் ஊர்த் தொழிலாளிகளை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை புரியும்.

அதே பிரிவில் ஒரு முள்ளும் இருந்தது. காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால், ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள மாதங்களின் முழுச் சம்பளம், அல்லது மிச்சமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று மாதச் சம்பளம், இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. அதாவது இரண்டு ஆண்டு பாக்கி இருந்தாலும் ஆறு மாதச் சம்பளத்தோடு போ என்று பொருள். உயர் பதவி என்று சொல்லி ஏற்றிக்கொண்டு, கப்பலில் பதவியை இறக்கிய ஒரு கப்பல் அதிகாரி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். உள்ளூர்த் தொழிலாளிக்கு இல்லாத வெட்டு வெளிநாட்டில் உழைப்பவனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். 2009இல் நீதிமன்றம் அந்த வரியை அடித்தது. 2010இல் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றம் அதே வரியை மறுபடி உள்ளே வைத்தது. தைவான் தொழிற்சாலையில் சில நாட்களிலேயே வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், 2014இல் நீதிமன்றம் இரண்டாம் முறையாக அதை அடித்தது. அடித்த வரி திரும்ப எப்படி முளைத்தது, யாருக்கு அது தேவைப்பட்டது என்று யோசிப்பது கடினமில்லை. இழப்பீட்டைக் கட்டவேண்டியது ஏஜென்சி.

2006இல் வீட்டுப் பணிப்பெண்களுக்கென்றே இன்னும் சில விதிகள் வந்தன. மாதம் குறைந்தது 400 டாலர் சம்பளம், அவர்களிடம் வேலை வாங்கிக் கொடுத்த கட்டணம் வாங்கக் கூடாது, போவதற்கு முன் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் விமானம் ஏறும்வரை ஓர் ஒப்பந்தம், இறங்கிய பிறகு குறைந்த சம்பளத்தில் இன்னோர் ஒப்பந்தம் என்ற பழைய தந்திரம் அதன்பிறகும் தொடர்ந்தது. கட்டணம் என்ற பெயரில் வாங்க முடியாததைப் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, தங்குமிடம் என்ற பெயர்களில் வாங்கினார்கள். மணிலாவில் எழுதும் விதி மணிலாவின் எல்லைவரைதான் நடக்கும்.

கதவுக்கு உள்ளே

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் சாலைக்குப் போனவர்களுக்கு லக்கி பிளாசா கட்டடம் தெரிந்திருக்கும். வார நாளில் சாதாரணமாக இருக்கும் அந்தக் கட்டடம் ஞாயிறன்று பிலிப்பைன்ஸ் ஊர் ஒன்றின் சந்தை போல ஆகிவிடும். பணம் அனுப்பும் கவுண்டர்களில் வரிசை படிக்கட்டு வரை நீளும். தரையில் உட்கார்ந்து பெரிய அட்டைப் பெட்டிகளில் சாமான் அடுக்குவார்கள். பாலிக்பாயான் பெட்டி என்று அதற்குப் பெயர், ஊர் திரும்புகிறவரின் பெட்டி. சோப்பு, ஷாம்பு, டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, சாக்லேட், துண்டு, ரப்பர் செருப்பு. இடைவெளியில் காபிப் பொட்டலங்களைச் செருகி, ஒட்டுநாடாவைப் பத்துச் சுற்று சுற்றி, கறுப்பு மார்க்கரில் ஊர்ப் பெயர் எழுதுவார்கள். கப்பலில் வாரக்கணக்கில் போய்ச் சேரும்.

அங்கே ஒரு செருப்புக் கடையில் ஒரு பெண் கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்ததைப் பார்த்திருக்கிறேன். பென்சிலால் வரைந்த ஒரு சின்னப் பாதத்தின் கோடு. ஊரில் யாரோ பிள்ளையின் காலைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஷூவாக அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். கடைசியில் விரலளவு பெரியதாக ஒன்றை வாங்கினார். பெட்டி போய்ச் சேர்வதற்குள் கால் வளர்ந்துவிடும் அல்லவா.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கைக் காட்சி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண்களின் உண்மையான காப்பீடு என்று நான் சொல்வேன். வாரத்துக்கு ஒருநாள் வெளியே வருகிறவளின் முகத்தில் காயம் இருந்தால் யாராவது பார்ப்பார்கள், சம்பளம் வரவில்லை என்றால் யாரிடமாவது சொல்வாள், இரண்டு வாரம் வரவில்லை என்றால் யாராவது தேடுவார்கள். சிங்கப்பூரின் பொதுவான வேலைவாய்ப்புச் சட்டம் வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. வாரம் ஒருநாள் ஓய்வு என்ற விதி அவர்களுக்கு 2013இல்தான் வந்தது. அதிலும், ஓய்வுக்குப் பதில் காசு கொடுத்து வேலை வாங்கலாம் என்ற வழி இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது காசால் ஈடுகட்டக் கூடாது, கட்டாயம் விட வேண்டும் என்று 2023இல் ஆக்கினார்கள். ஃப்ளோரின் காலத்தில் இவை எதுவும் இல்லை. விடுமுறை என்பது வீட்டுக்காரம்மாவின் மனசு.

பிறகு வந்தவர்கள்

அதே 1995இல் இன்னொரு பெயர் எழுந்தது. சாரா பாலபகான், தெற்கு பிலிப்பைன்ஸின் மகின்டனாவோவிலிருந்து அமீரகம் போன சிறுமி. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வல்லுறவு செய்த முதலாளியைக் கத்தியால் குத்திக் கொன்றதாக வழக்கு. செப்டம்பரில் மரண தண்டனை அறிவிக்கப்பட்டபோது ஃப்ளோரின் கல்லறை மண் இன்னும் காயவில்லை. இந்தமுறை மணிலா சும்மா இருக்கவில்லை, உலகமும் பேசியது. அமீரக அதிபர் ஷேக் சயீத் தலையிட்டார். இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டது. தண்டனை ஓராண்டுச் சிறையாகவும் நூறு கசையடியாகவும் குறைந்தது. 1996இல் ஊர் திரும்பினார்.

வயதைக் கூட்டிய பாஸ்போர்ட் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ரிசானா நபீக் நினைவுக்கு வருவார். திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலிருந்து 2005இல் சவுதி போன தமிழ் பேசும் முஸ்லிம் சிறுமி. போய்ச் சில வாரங்களில் அவர் கவனிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. விசாரணையின்போது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. தமிழுக்கும் அரபிக்கும் இடையே மொழிபெயர்த்தவருக்குப் போதிய மொழித்திறன் இல்லை என்று பிறகு தெரியவந்தது. 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. கடைசி ஆண்டுகளில் இலங்கை அதிபர் வரை கருணை கேட்டார்கள். ஃப்ளோருக்கு நடந்தது போலவேதான். முதல் வாரத்தில் யாருமில்லை, கடைசி வாரத்தில் எல்லோரும் வந்தார்கள்.

குவைத்தில் 2018 பிப்ரவரியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் உறைபெட்டியில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணின் உடல் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் நாட்டைவிட்டுப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு காலமும் அவர் அங்கேயே கிடந்திருக்கிறார். அப்போது அதிபராக இருந்தவர், 1995இல் கொடி எரித்த அதே டுடெர்ட்டே. குவைத்துக்கு ஆள் அனுப்பத் தடை போட்டார். ஏப்ரலில், கொடுமைக்குள்ளான பணிப்பெண்களைத் தூதரக ஊழியர்களே காரில் போய் வீட்டு வாசலிலிருந்து அழைத்து வரும் காட்சிகள் வெளியாயின. தன் இறையாண்மையை மீறிவிட்டதாகக் குவைத் கொதித்துப் பிலிப்பைன்ஸ் தூதரை வெளியேற்றியது. 1991இல் தூதரகம் எங்கே என்று கேட்டார்கள், 2018இல் தூதரகம் வீட்டு வாசலுக்கே போய்விட்டது. ராஜதந்திர முறைப்படி அது தவறாக இருக்கலாம். காருக்குள் ஓடி ஏறிய அந்தப் பெண்களின் இடத்திலிருந்து பார்த்தால், எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

மே மாதம் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பணிப்பெண் கைப்பேசி வைத்திருக்கலாம். கைப்பேசி வைத்திருக்கும் உரிமைக்கு இரண்டு நாடுகள் உட்கார்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தது என்றால், கதவுக்கு உள்ளே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஒப்பந்தத்துக்குப் பிறகும் கொலைகள் நிற்கவில்லை. 2023 ஜனவரியில் இன்னொரு பணிப்பெண்ணின் எரிந்த உடல் குவைத் பாலைவனத்தில் கிடந்தது. மறுபடி தடை, மறுபடி பேச்சு.

2021 டிசம்பரில் புலம்பெயர் தொழிலாளருக்கென்றே தனித் துறை அமைக்கும் சட்டம் வந்தது. பல துறைகளில் சிதறிக் கிடந்த வேலைகள் ஒரே கூரைக்கு வந்தன. 2022இல் அதன் அமைச்சரானவர் சூசன் ஓப்லே, 1974இல் இந்த ஏற்பாட்டை உருவாக்கிய ப்ளாஸ் ஓப்லேயின் மகள். பல்லாண்டுகள் ஆள்கடத்தலுக்கும் மோசடி ஏஜென்டுகளுக்கும் எதிராகத் தன் சொந்த அமைப்பை நடத்தியவர். அப்பா திறந்த வாசலில் காயப்பட்டுத் திரும்பியவர்களை மகள் வாழ்நாள் முழுக்கத் தாங்கிப் பிடித்தார். 2023 ஆகஸ்ட்டில், பதவியில் இருக்கும்போதே காலமானார்.

கடைசியாக மேரி ஜேன் வெலோசோ. நுவேவா எசிஹா மாகாணத்தின் ஏழைக் குடும்பம், இரண்டு பிள்ளைகள். துபாயில் வீட்டு வேலை செய்தபோது வல்லுறவு முயற்சி நடந்து, தப்பி ஊர் வந்தவர். மலேசியாவில் வேலை என்று அக்கம்பக்கத்தில் தெரிந்த ஒருவர் அழைத்துப்போனார். அங்கே போனதும் வேலை இல்லை, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவுக்குப் போய் வரச் சொல்லி ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். 2010 ஏப்ரலில் அந்த விமான நிலையத்தில் பெட்டியின் உறைக்குள் 2.6 கிலோ ஹெராயின் கிடைத்தது. வழக்கு இந்தோனேசிய மொழியில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். மேரி ஜேனுக்குத் தெரிந்தது தகாலோக். மரண தண்டனை.

2015 ஏப்ரல் 29 நள்ளிரவுக்குப் பிறகு நுசாகம்பாங்கன் தீவில் ஒன்பது பேரைச் சுட்டுக்கொல்ல ஏற்பாடாகியிருந்தது. அந்த இரவைத் தமிழர்கள் மயூரன் சுகுமாரனின் பெயரால் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த அந்த ஆஸ்திரேலிய இளைஞர் உட்பட எட்டுப் பேர் சுடப்பட்டார்கள். ஒன்பதாவது ஆளாக இருந்த மேரி ஜேனின் தண்டனை மட்டும் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. அவரை அழைத்துப்போன பெண் முந்தைய நாள் பிலிப்பைன்ஸ் போலீசிடம் சரணடைந்திருந்தார். வழக்குக்கு மேரி ஜேனின் சாட்சியம் தேவை என்று மணிலா கேட்டது, ஜகார்த்தா கேட்டுக்கொண்டது. ஊர்வலம் போனவர்களும், ஊரில் ஏஜென்டைப் பிடித்தவர்களும், பேசிய அதிகாரிகளும் சேர்ந்துதான் அந்த உயிர் நின்றது. அந்தப் பெண் உட்பட ஆள் சேர்த்தவர்கள் இருவருக்கும் 2020இல் சட்டவிரோத ஆள்சேர்ப்புக் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது.

2024 டிசம்பர் 18 காலையில் மேரி ஜேன் விமானத்தில் மணிலா வந்திறங்கினார், கைதியாகத்தான். தண்டனையின் மிச்சத்தை ஊரில் கழிக்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. விமான நிலையத்திலிருந்து நேராக மண்டலுயோங் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. சிறை வளாகத்தில் பெற்றோர் காத்திருந்தார்கள். அவர் போகும்போது சிறுபிள்ளைகளாக இருந்து இப்போது இளைஞர்களாகிவிட்ட இரண்டு மகன்களும் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள்.